வள்ளத்தில் நேர்காட்சிச் சோனாரைப் பொருத்தும் முறை

கடலுக்குச் செல்லும் வள்ளம் எரிக்கும் எண்ணெயில் ஒரு பகுதி, வலை விடுவதற்கோ தூண்டில் போடுவதற்கோ அன்றி, மீன் நிற்கும் இடத்தைத் தேடி அலைவதிலேயே கழிந்துவிடுகின்றது. மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இச்செலவு பெரிதாகத் தோன்றவில்லை. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 1 லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அன்று முதல், தேடி அலையும் ஒவ்வொரு மைலும் கணக்கில் எழுதவேண்டிய செலவாயிற்று.

இவ்வலைச்சலைக் குறைக்கக்கூடிய கருவிகளுள் அண்மையில் வந்தது, கடைகளில் 'லைவ் சோனார்' என்று விற்கப்படும் நேர்காட்சிச் சோனார் ஆகும். திரையும் சேர்ந்த ஒரு தொகுதியின் விலை வெளியிணைப்பு இயந்திரமொன்றின் விலையோடு ஒப்பிடத்தக்கது. அத்துணைப் பணம் கொடுத்து வாங்கிய கருவியின் திரையில் மீனுக்குப் பதிலாகப் புகாரும் புள்ளிகளும் தோன்றுமாயின், உடைமையாளர் கருவி பழுது என்றே முதலில் எண்ணுவார். பெரும்பாலும் குறை கருவியில் இராது. நீருள் இருக்கவேண்டிய அதன் உறுப்பைப் பொருத்திய இடத்திலேயே இருக்கும். தவறான பொருத்துகை படத்தைக் கெடுப்பதோடு நில்லாது. கண்ட இடத்தில் துளையிட்டால் வள்ளத்தின் ஆயுளையும் அது குறைத்துவிடும்.

கருவி தொழிற்படும் விதம்

நீருள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்கின்றது. 30 மீற்றர் ஆழத்துக்கு ஒலியை அனுப்பினால், அது தரையிற் பட்டுத் திரும்பிவர ஒரு செக்கனில் 25 இல் ஒரு பங்கே செல்லும். இந்நேரத்தை அளந்து தூரத்தைக் காட்டுவதே சோனாரின் தொழில். ஒலியை அனுப்புவதும் எதிரொலியை வாங்குவதுமாகிய உறுப்பு ஆற்றல்மாற்றி எனப்படும். கடையில் 'திரான்ஸ்டியூசர்' என்று கேட்டால் இதனையே கொடுப்பர். மின்துடிப்பை ஒலியாகவும், திரும்பிவரும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றுவதால் இப்பெயர் பெற்றது.

மீன்பிடிக்கென அமைந்த எதிரொலிமானியை யப்பானின் புருனோ சகோதரர் 1948 ஆம் ஆண்டில் தொழிலாளர் பாவனைக்குக் கொண்டுவந்தனர். அவ்வகைக் கருவி வள்ளத்தின் நேர்கீழே ஒரு கூம்பு வடிவில் ஒலியை அனுப்புகின்றது. திரையில் வலப்பக்க ஓரத்தில் தோன்றுவதே இப்போது கீழே இருப்பது. இடப்பக்கமாக நகர்ந்து செல்வது எல்லாம் வள்ளம் கடந்துவந்த பழைய செய்தி. நேர்காட்சிச் சோனார் இதனின்றும் வேறுபட்டது. அதன் ஆற்றல்மாற்றியினுள் பல சிறு ஒலிமூலகங்கள் வரிசையாக உள்ளன. அவை சேர்ந்து வள்ளத்தின் முன்னே ஓர் அகன்ற விசிறிபோல் ஒலியை விரித்து, செக்கனுக்குப் பலமுறை படத்தைப் புதுப்பிக்கின்றன. ஆகவே மீன் நீந்துவதும், தூண்டில் ஈயம் இறங்குவதும் அந்தந்த நேரத்திலேயே திரையில் தெரியும். கார்மின் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் 'லைவ்ஸ்கோப்' என்னும் பெயரில் இவ்வகைக் கருவியை வெளியிட்டது. லோரன்ஸ் நிறுவனத்தின் கருவி 2020 இலும், ஹம்மின்பேர்ட் நிறுவனத்தின் கருவி 2021 இலும் வந்தன.

இவை பெரும்பாலும் அமெரிக்காவின் ஏரிகளில் தூண்டில் போடுவோரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. அவர்களுடைய படகின் அணியத்தில் சிறிய மின்மோட்டார் ஒன்று இருக்கும். ஆற்றல்மாற்றியை அதன் தண்டிலே கட்டிவிடுவர். கருவியோடு வரும் கைந்நூலும் அதனையே முதலிற் காட்டும். எமது கரைகளிலுள்ள ஏறத்தாழ 18 முதல் 23 அடி வரை நீளமான கண்ணாடியிழை வள்ளங்களில் அத்தகைய மோட்டார் கிடையாது. எனவே கைந்நூலின் படத்தைப் பார்த்து அப்படியே செய்வதற்கில்லை. அப்படம் எதற்காக அவ்வாறு இருக்கின்றது என்பதை அறிந்து, அதே பயனை வேறு வழியில் அடைய வேண்டும்.

எமது கடலுக்கு இக்கருவி ஏன் கவனிக்கத்தக்கது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. 20 பாகைக் கூம்புடைய சாதாரண எதிரொலிமானி 10 மீற்றர் ஆழத்தில் காண்பது ஏறத்தாழ மூன்றரை மீற்றர் விட்டமுள்ள வட்டத்தை மட்டுமே. அதாவது வள்ளத்தின் நீளத்தைவிடக் குறைந்த இடம். மேலும் ஆழங்குறைந்த நீரில் இயந்திர ஒலி கேட்டதும் மீன் வள்ளத்தின் கீழிருந்து விலகிவிடும். கீழ்நோக்கும் கருவி வெறுங் கடலைக் காட்ட, மீன் 20 மீற்றருக்கு அப்பால் நிற்கும். முன்னோக்கிப் பார்க்கும் கருவிக்கே இங்கு வேலை. ஆனால் ஆழக்கடற் பார்களில் கைத்தூண்டில் போடுபவருக்கு, விலையிற் பன்மடங்கு குறைந்த சாதாரண எதிரொலிமானியே போதும். நேர்காட்சிச் சோனார் மிக உயர்ந்த மீடிறனில் ஒலியை அனுப்புகின்றது. மீடிறன் உயர உயர நீர் ஒலியை விழுங்குவதும் கூடும், உவர்நீர் நன்னீரிலும் அதிகமாக விழுங்கும். ஆகையால் ஏரியில் அளந்து எழுதிய தூரத்தைக் கடலிலும் முழுமையாக எதிர்பார்த்தல் ஆகாது.

குமிழியும் அதன் கெடுதியும்

ஆற்றல்மாற்றியைப் பொருத்துவதில் எல்லா விதிகளுக்கும் அடிப்படையானது ஒன்றே: அதன் முகத்துக்கு முன்னே வளிக்குமிழிகள் இருத்தல் ஆகாது. நீரிலிருந்து வளியை அடையும் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். மீனின் உடல் நீரை ஒத்தது. ஆகவே பெரும்பாலான மீன்கள் திரையிற் பிரகாசமாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றின் வயிற்றினுள் இருக்கும் நீச்சற்பையிலுள்ள வாயுவே. சூடை, பாரை, கலவாய் முதலியன இதனால் நன்றாகத் தெரியும். சூரைக்கும் அறக்குளாவுக்கும் நீச்சற்பை இல்லை. திருக்கைக்கும் சுறாவுக்கும் இல்லை. அவை பெரிய மீனாயினும் மங்கலாகவே தோன்றும். மீனின் வயிற்றிலுள்ள சிறு வாயுப்பையே இத்துணை ஒலியைத் திருப்புமாயின், ஆற்றல்மாற்றியின் முகத்தில் ஓடும் நுரை எவ்வளவு திருப்பும் என்பது சொல்லாமலே விளங்கும். அந்நுரை ஒரு திரைச்சீலைபோல் நின்று அப்பாலுள்ள யாவற்றையும் மறைத்துவிடும்.

வள்ளத்தில் குமிழி உண்டாகும் இடங்கள் பல. அணியம் அலையை வெட்டும்போது நுரை எழுந்து அடிப்புறமாக ஓடும். அடியில் நீளவாக்கில் உள்ள வரம்புகளின் பின்னும், திருகாணித் தலை, நீர்வழி ஆகியவற்றின் பின்னும் குமிழிக் கோடு ஒன்று தொடரும். சுழல்விசிறி கிளப்பும் நுரையோ எல்லாவற்றிலும் பெரிது. வள்ளத்தைத் தொழில்வேகத்தில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பக்கவாட்டில் குனிந்து நீரைப் பார்த்தால், எவ்விடத்தில் நீர் கண்ணாடிபோல் ஓடுகின்றது, எவ்விடத்தில் வெளுத்துக் கலங்குகின்றது என்பது தெரியும். கருவியை வாங்குமுன்பே இதனைப் பார்த்து, விளிம்பிற் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக் கொள்வது நல்லது. காசு செலவில்லாத இச்சோதனையைப் பலர் செய்வதில்லை.

எவ்விடத்திற் பொருத்துவது

மயிலிட்டி போன்ற துறைமுகத்தில் நீரிலேயே கட்டப்பட்டு நிற்கும் வள்ளத்துக்கும், வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு முதலிய திறந்த மணற்கரைகளில் நாள்தோறும் கரையேற்றப்படும் வள்ளத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. அடிக்குக் கீழே விரற்கடை நீண்டிருக்கும் உறுப்பும் மணலில் இழுபடும். உருளையின் மேலேறும்போது நொருங்கும். கரையேற்றும் வள்ளத்தில் ஆற்றல்மாற்றியை நிலையாகப் பொருத்துதல் பணத்தை மணலிற் புதைப்பதற்கு ஒப்பாகும். அவ்வள்ளத்துக்கு ஏற்றது, வேண்டும்போது நீரில் இறக்கி வேண்டாதபோது தூக்கிவிடத்தக்க தண்டு முறையே. நேர்காட்சிச் சோனார் வள்ளம் மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதுமே பயன்படுவதாதலால், துறைமுக வள்ளத்துக்கும் இதுவே சிறந்தது. நிலையான பொருத்துகை, ஓடும்போதும் ஆழத்தை அறியவேண்டிய சாதாரண எதிரொலிமானிக்கு உரியது.

தண்டு முறைக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஒரு தொகுதியைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ, உறவினர் இருவர் மூவரோ சேர்ந்து வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வள்ளத்திலும் பிடிகட்டை மட்டும் இருந்தாற் போதும்.

தண்டில் பொருத்துதல்

தண்டுக்குத் துருப்பிடியாத உருக்குக் குழாய் அல்லது தடித்த அலுமினியக் குழாய் ஏற்றது. சாதாரண இரும்புக் குழாய் ஆகாது. துருப்பிடித்தல் ஒரு காரணம். மற்றொன்று, இக்கருவிகள் பலவற்றின் ஆற்றல்மாற்றியினுள் திசையையும் சாய்வையும் அறியும் நுண்கருவி அமைந்துள்ளது, அருகில் இரும்பு இருப்பின் அதன் திசையறிவு பிழைபடும். பிளாத்திக்குக் குழாய் தனியாக நின்றால் நீரோட்டத்தில் வளைந்து நடுங்கும். தண்டு நடுங்கினால் படமும் நடுங்கும். அலுமினியத் தண்டில் உருக்குத் திருகாணி இடும்போது இரண்டுக்கும் இடையே பிளாத்திக்கு வளையம் வைக்க வேண்டும். இல்லையேல் உவர்நீரில் அலுமினியம் சில மாதங்களில் அரித்துவிடும்.

தண்டின் நீளத்தை ஊகத்தால் வெட்டுதல் கூடாது. வள்ளத்தை ஆட்கள், வலை, எரிபொருள் ஆகியவற்றோடு நீரில் நிறுத்தி, மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையும், நீர்மட்டத்திலிருந்து அடிப்புறம் வரையும் அளக்க வேண்டும். ஆற்றல்மாற்றி அடிப்புறத்திலும் 15 முதல் 30 சதமமீற்றர் கீழே நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, விளிம்பிலிருந்து நீருக்கு 60 சதமமீற்றரும், நீரிலிருந்து அடிக்கு 35 சதமமீற்றரும் ஆயின், விளிம்புக்குக் கீழே 110 முதல் 125 சதமமீற்றர் தேவை. கைபிடித்துத் திருப்புவதற்கு விளிம்புக்கு மேல் அரை மீற்றர் விடலாம். அடிப்புறத்திலும் உயரமாக நிற்கும் ஆற்றல்மாற்றியை மறுபக்கம் திருப்பினால், அது காணும் பெரிய 'மீன்' சொந்த வள்ளத்தின் வயிறாகவே இருக்கும்.

எப்பக்கத்தில் என்னும் கேள்விக்கு வலையே விடை சொல்லும். வலை ஏற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே தண்டு நிற்க வேண்டும். நீருள் நிற்கும் தண்டில் வலைக்கண்ணி ஒருமுறை மாட்டினால், நீரோட்டத்தில் வலையும் வடமும் சேர்ந்து முறுகி, ஒன்றை வெட்டியே மற்றொன்றை மீட்கவேண்டி நேரும். முன்பின்னாகப் பார்க்கையில், நடுவுக்குச் சிறிது முன்னே, அணியத்து நுரை விழும் இடத்துக்குப் பின்னே, சுண்ணக்கட்டியாற் குறித்த தெளிந்த நீருள்ள இடமே தக்கது. சுழல்விசிறிக்கு அருகில் வேண்டாம்.

வள்ளத்தில் துளையிடாமல் பொருத்துவதற்கு ஓர் எளிய வழி உண்டு. இரண்டு விளிம்பின் மேலும் படியுமாறு ஒரு தடித்த குறுக்குமரத்தை வைத்து, உள்ளிருக்கும் இருக்கைப் பலகையோடு கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். அம்மரத்தின் வெளிநுனியில் தண்டின் பிடிகட்டையை முடுக்கலாம். மரம் விளிம்போடு தேயுமிடத்தில் பழைய ரப்பர்த் துண்டு வைத்தால் வள்ளத்துக்கும் கேடில்லை, அதிர்வும் குறையும். விளிம்பிலேயே பிடிகட்டையைப் பொருத்த விரும்புவோர், மெல்லிய கண்ணாடியிழையில் மரத்திருகாணி ஏற்றுதல் தகாது. ஊடுருவிச் செல்லும் முடுக்காணியிட்டு, உட்புறத்தில் ஒரு பலகையோ தகடோ தாங்கலாக வைத்து முடுக்க வேண்டும்.

பிடிகட்டையில் இரண்டு அசைவு வேண்டும். தண்டு தன் அச்சிற் சுழலவேண்டும். அதனாலேயே வள்ளத்தைத் திருப்பாமல் நாற்புறமும் தேடலாம். மேலும் கீழ்நுனி பின்னோக்கி மடங்கவேண்டும். மிதந்துவரும் கட்டையோ, எதிர்பாராத பாரோ மோதினால் மடங்கும் தண்டு பிழைக்கும், மடங்காத தண்டு முறியும் அல்லது விளிம்பைப் பிளக்கும். மடங்கும் மூட்டை நிறுத்திவைக்க ஒரு மெல்லிய நூற்கயிறு போதும். அது அறுந்துபோவதற்கென்றே கட்டப்படுவது. ஆனால் தண்டின் தலையிலிருந்து வள்ளத்துக்கு ஒரு பலமான காவற்கயிறு தனியாகக் கட்டப்படல் வேண்டும். பிடி முற்றாகக் கழன்றாலும் கருவி கடலடியிற் போய்ச் சேராது.

வள்ளம் வேகமாக ஓடும்போது தண்டு மேலே இருக்க வேண்டும் என்பதிற் சலுகை இல்லை. வேகம் மூன்று மடங்கானால் நீர் தண்டைத் தள்ளும் விசை ஒன்பது மடங்காகும். மெதுவாக நகரும்போது கைவிரலால் தாங்கக்கூடிய விசை, முழு ஓட்டத்தில் பிடிகட்டையைப் பிடுங்கிவிடும். தூக்கிய பின் கருவியை நிறுத்தியும் விட வேண்டும். தொழிற்படும்போது உண்டாகும் சூட்டை ஆற்றுவது சுற்றியுள்ள நீரே.

நோக்கும் கோணம்

ஆற்றல்மாற்றியின் முன்பக்கம் எது என்பது அதன் உடலிற் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறி நோக்கும் திசையைத் தண்டின் மேற்கைபிடியிலும் ஓர் அம்பாகத் தீட்டுதல் வேண்டும். இல்லாவிடில் மீன் எப்பக்கம் என்று திரை சொன்னாலும், கடலில் எப்பக்கம் என்று சொல்ல இயலாது. தண்டு செங்குத்தாக நிற்கின்றதா என்பதைக் கரையிற் பார்ப்பதிற் பயனில்லை. பின்னால் இயந்திரமும் ஆளும் இருக்க அணியம் உயர்ந்து நிற்பதே வள்ளத்தின் இயல்பு. தொழில் செய்யும் நிலையில், நீரில் வைத்தே தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

கார்மின் கருவியின் விசிறி மேல்கீழாக 135 பாகையும், பக்கவாட்டில் 20 பாகையும் விரிகின்றது. பக்கவாட்டில் 20 பாகை என்பது 30 மீற்றர் தூரத்தில் பத்தரை மீற்றர் அகலம். ஆகவே திரையில் நேர்முன்னே தெரியும் மீன், உண்மையில் ஐந்து மீற்றர் இடப்புறமோ வலப்புறமோ நிற்கலாம். தண்டை மெல்ல இருபுறமும் திருப்பி, எத்திசையில் உரு மிகப் பிரகாசமாகின்றதோ அத்திசையிலேயே தூண்டிலை எறிதல் வேண்டும். நாலரை மீற்றரிலும் ஆழங்குறைந்த களப்புகளில் மேல்கீழ் விசிறியால் அதிகப் பயனில்லை. ஒலி தரையிலும் மேற்பரப்பிலும் மோதிக் குழம்பும். அங்கு ஆற்றல்மாற்றியைப் பக்கவாட்டாகத் திருப்பி, விசிறி கிடையாக விரியும்படி பொருத்துவதற்கு வேறு பிடிகட்டை உண்டு. அதனைப் பொருத்தியபின் திரையின் பட்டியிலும் அம்முறையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பின்பலகையில் நிலையாகப் பொருத்துதல்

எதிரொலிமானியின் ஆற்றல்மாற்றியைப் பின்பலகையிற் பொருத்த விரும்பும் துறைமுக வள்ளத்தார் கவனிக்க வேண்டியவை சில. பின்னாலிருந்து பார்க்கையில் சுழல்விசிறி வலஞ்சுழியாகச் சுழலும் இயந்திரத்தில் வலப்பக்கத்தையே தெரிய வேண்டும். அப்பக்கத்தில் அலகுகள் கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. சுழல்விசிறியிலிருந்து 40 சதமமீற்றருக்குக் குறையாத தூரம் வேண்டும். அடிவரம்பின் நேர்பின்னே பொருத்துதல் கூடாது. கண்ணாடியிழை வள்ளத்தில் ஆற்றல்மாற்றியின் முகம் அடிமட்டத்துக்கு 3 மில்லிமீற்றர் கீழே நின்றாற் போதும்.

துளையிடுவதிலேதான் பேரிடர் உள்ளது. பல கண்ணாடியிழை வள்ளங்களின் பின்பலகை வெளியே இழையும் உள்ளே ஒட்டுப்பலகையும் கொண்டது. நீர்மட்டத்துக்குக் கீழே இட்ட திருகாணித் துளையால் நீர் கசிந்து அவ்வொட்டுப்பலகையை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும். வெளியே எதுவும் தெரியாது. முழு இயந்திரமும் அதன் தள்ளுவிசையும் தாங்கி நிற்பது அப்பலகையே. உக்கிய பின்பலகை கரையில் முறிவதில்லை. கனத்த அலையில், இயந்திரம் முழுவலுவோடு தள்ளும்போதே முறியும். இயந்திரத்தோடு வள்ளத்தின் பின்புறமும் போனால் ஆட்கள் உயிர் தப்புவது அரிது.

இதனைத் தவிர்க்கச் சிறந்த வழி, தடித்த வெண்பிளாத்திக்குப் பலகைத் துண்டொன்றைக் கடற்பாவனைக்குரிய பசையால் பின்பலகையில் ஒட்டி, ஆற்றல்மாற்றியின் திருகாணிகளை அத்துண்டில் மட்டும் ஏற்றுவதாகும். இதற்கென ஒட்டும் முகத்தோடு செய்த துண்டுகள் விற்பனைக்கு உண்டு. துளை தவிர்க்கமுடியாததாயின், 6 மில்லிமீற்றர் தேவைப்படும் இடத்தில் 12 மில்லிமீற்றர் துளையிட்டு, அதனை எப்பொக்சியால் முற்றாக நிரப்பி, இறுகியபின் நடுவில் மீண்டும் 6 மில்லிமீற்றர் துளையிட வேண்டும். அப்போது திருகாணியைச் சுற்றி எப்பொக்சிச் சுவர் நிற்கும். ஒட்டுப்பலகை நீரைக் காணாது. திருகாணியிலும் நீரடைப்புப் பசை தாராளமாக இடல் வேண்டும். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. துளையிடுபவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும்.

ஆற்றல்மாற்றியை வள்ளத்தின் உட்புறத்தில் ஒட்டி, அடியினூடாகவே ஒலியைச் செலுத்துவதும் உண்டு. சாதாரண எதிரொலிமானிக்கு, அடி திண்ம இழையாக உள்ள இடத்தில் மட்டும், இது பயன்படும். நுரையோ பலகையோ இடையிலிருந்தால் பயனில்லை. நேர்காட்சிச் சோனாருக்கு இம்முறை எவ்வாற்றானும் ஆகாது.

மின்கலவடுக்கும் வடமும்

கயிற்றால் இழுத்து இயக்கும் இயந்திரங்கள் பலவற்றில் மின்னேற்றும் வசதி இல்லை. ஆகவே தனியான 12 வோல்ற்று மின்கலவடுக்கு வேண்டும். அதன் அளவைக் கணக்கிடுதல் எளிது. கருவியும் திரையும் சேர்ந்து 4 அம்பியர் எடுக்குமாயின், 6 மணித்தியாலத்துக்கு 24 அம்பியர்மணி. ஈய மின்கலவடுக்கைப் பாதிக்குமேல் வடியவிட்டால் விரைவிற் கெடும். எனவே 50 அம்பியர்மணிக்குக் குறையாதது தேவை. உரிய அம்பியரைக் கைந்நூலிற் பார்த்துக் கணக்கிடுக. மின்கலவடுக்கை மூடியுள்ள பெட்டியில் வைத்துக் கட்டி, எரிபொருட் கலனுக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். நேர்முனைக்கு அருகிலேயே உருகி பொருத்தப்படல் அவசியம். நீளமான மெல்லிய கம்பியால் அழுத்தம் குறைந்து, கருவி இடையிடையே அணைந்துபோகும். இதனையும் பலர் கருவியின் பழுதென்றே எண்ணுகின்றனர். முனைகளில் கிறீசோ வாசலீனோ பூசினால் உப்பு பிடியாது.

ஆற்றல்மாற்றியின் வடத்தை ஒருபோதும் வெட்டிக் குறைத்தல் கூடாது. மிகுதியைத் தளர்ந்த வளையமாகச் சுற்றி வைக்கலாம். இயந்திரத்தின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டினால் திரையில் கோடுகள் விழும். தண்டு சுழலுமிடத்திலும் மடங்குமிடத்திலும் வடத்துக்குப் போதிய தளர்ச்சி விடாவிட்டால் உட்கம்பி அறுந்துவிடும். மாற்றுவதற்கு முழு ஆற்றல்மாற்றியையுமே வாங்க நேரலாம்.

பொருத்தியபின் சோதித்தல்

முதலில் அலையில்லாத இடத்தில் வள்ளத்தை நிறுத்தி, பாகக்கணக்கில் முடிச்சிட்ட ஈயக்குண்டுக் கயிற்றால் ஆழத்தை அளந்து, திரை காட்டும் ஆழத்தோடு ஒப்பிட வேண்டும். ஆற்றல்மாற்றி நீர்மட்டத்துக்குக் கீழே நிற்பதால் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்; அதனைக் கருவியிற் பதிவுசெய்யலாம். அடுத்து, வேறொரு வள்ளத்திலிருந்தோ அணியத்திலிருந்தோ ஒரு குண்டைக் கயிற்றில் இறக்கி, அளந்த தூரத்தில் பிடிக்கச் செய்து, திரையில் அதே தூரத்தில், கைபிடியின் அம்பு நோக்கும் திசையில் தோன்றுகின்றதா என்று பார்க்க வேண்டும். பின்பு மெல்ல இயந்திரத்தை இயக்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுக. எவ்வேகத்தில் படம் புகாராகின்றதோ, அதுவே அப்பொருத்துகையின் எல்லை. நடக்கும் வேகத்திலேயே புகாரானால் தண்டை முன்னோ பின்னோ 30 சதமமீற்றர் நகர்த்தி மீண்டும் சோதிக்க வேண்டும். வள்ளத்தில் இரு சோனார்கள் இருப்பின் ஒன்றை அணைத்துப் பார்த்தல் நன்று. ஒன்றின் ஒலி மற்றொன்றின் திரையிற் கோடாக விழுவது வழக்கம்.

பாவனையில்

திரையைப் பார்ப்பவரும் சுக்கானைப் பிடிப்பவரும் ஒருவராயிருத்தல் ஆகாது. இரவில் திரையின் வெளிச்சம் கண்ணை மறைக்கும். அதனை இயன்றவரை குறைத்து, ஓட்டுபவருக்குத் தெரியாதவாறு திருப்பி வைக்க வேண்டும். விளக்கில்லாத சிறு வள்ளங்களும் மிதக்கும் வலைகளும் நிறைந்த கடலில் மீனைத் தேடும் கண், முன்னே இருக்கும் ஆளைக் காணத் தவறலாம்.

கருவி மீனின் இனத்தைச் சொல்வதில்லை. வடிவையும் அசைவையும் நிற்கும் இடத்தையும் கொண்டு இனத்தை உய்த்துணர்வது பழகிய கண்ணின் வேலை. முதற் சில வாரங்களில் திரையிற் கண்டதையும் தூண்டிலில் வந்ததையும் சேர்த்துக் குறித்துவைப்பவர் விரைவிற் பழகுவர். இரவில் செவுள்வலையை விட்டு மிதந்து நிற்பவருக்கு இக்கருவியால் ஆகும் பயன் சிறிது. அவர் இதற்காகக் கடன்படுதல் தகாது. கலவாய் போன்ற மீன்கள் முட்டையிடும் பருவத்தில் ஒரே பாரில் திரளாகக் கூடுவன. அத்திரளைத் திரையிற் கண்டதும் முழுவதும் வாரிவிட்டால், அடுத்த ஆண்டு அதே பாரில் கருவிக்குக் காட்ட ஒன்றும் இராது.

ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் ஆற்றல்மாற்றியை நன்னீரால் கழுவி, மென்துணியால் துடைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். பாசி படிந்தால் மென்சவர்க்காரம் போதும்; கத்தியாற் சுரண்டினால் முகம் கீறுண்டு, அக்கீறலில் மீண்டும் குமிழி தங்கும். வள்ளத்தின் அடிக்குப் பூசும் நிறமையை இதன்மேல் பூசுதல் கூடாது; அதிலுள்ள கரைப்பான் பிளாத்திக்கை உருக்கிவிடும். மின்னிணைப்பு முளைகளைக் கழற்றியவுடன் அவற்றுக்குரிய மூடியை இட்டு, வடத்தைத் தளர்ந்த வளையமாகச் சுற்றி, தண்டோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.